வாக்குறுதியை மீறினால் யாரைக் கேட்பது?

“ஓட்டு வாங்கும்போது ஒன்றைச் சொல்லிவிட்டு, ஜெயித்த பிறகு வேறொன்றைச் செய்தால் வழக்குப் போட முடியாதா, அண்ணா?” சொற்போர்ப் பயிற்சியின்போது முதலாமாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

அவர் மனத்தில் இருந்தது உயர்கல்விக் கடன். 2018 பொதுத்தேர்தலின்போது, மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டை எட்டும்வரை பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை என்று பக்காத்தான் ஹராப்பான் வாக்குறுதி அளித்தது. ஆட்சிக்கு வந்ததும் கடன் பாக்கி வைத்தோர் வெளிநாடு செல்ல இருந்த தடை நீக்கப்பட்டது. ஆனால், 4,000 ரிங்கிட் வாக்குறுதி நிறைவேறவில்லை. தேர்தல் அறிக்கை ஒரு வழிகாட்டிதானே தவிர வேதநூல் அல்ல என்றார் அப்போதைய பிரதமர் துன் மகாதீர்.

கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையும் ஏறத்தாழ அதுவே. நம் சட்டமுறைக்கு வேராக அமைந்த பிரிட்டனில் 1981இல் ஒரு வழக்கு நடந்தது. பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்களைக் குறைப்பதாகச் சொல்லி வென்ற பெருலண்டன் மன்றம், சொன்னபடியே 25 விழுக்காடு குறைத்தது. புரோம்லி வட்டார மன்றம் வழக்குத் தொடுக்க, அந்தக் குறைப்பு செல்லாது என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையைத் தன்னைக் கட்டிப்போடும் ஆணையாக மன்றம் கருதியதே தவறு என்று நீதிபதிகள் கண்டித்தனர். வாக்குறுதியைக் காப்பாற்றியவர்களுக்கே இந்த நிலை என்றால், மீறியவர்களை நீதிமன்றம் எப்படித் தண்டிக்கும்?

அப்படியானால் எஞ்சியிருப்பது வாக்குச்சீட்டு. அதன் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டும் ஊர் இங்கிலாந்தின் கிட்டர்மின்ஸ்டர்.

1997 தேர்தலுக்கு முந்தைய நாள், தேசிய சுகாதாரச் சேவையைக் காப்பாற்ற இன்னும் 24 மணி நேரமே உள்ளது என்று முழங்கினார் தொழிற்கட்சித் தலைவர் டோனி பிளேர். கட்சி வென்றது. அடுத்த ஆண்டே, கிட்டர்மின்ஸ்டர் மருத்துவமனையின் சேவைகளைக் குறைக்க மாவட்டச் சுகாதார ஆணையம் திட்டமிட்டது. தனியார் முதலீட்டில் வூஸ்டர் நகரில் எழவிருந்த புதிய மருத்துவமனையோடு பிணைந்த திட்டம் அது. மக்கள் ஊர்வலம் போனார்கள். அரசு அசையவில்லை. 2000இல் அவசரச் சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டது. நெஞ்சுவலி வந்தவர் ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தள்ளியிருந்த வூஸ்டருக்குப் போக வேண்டிய நிலை.

2001 தேர்தலில், அதே மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லர் சுயேச்சையாக நின்றார். இளைய அமைச்சராக இருந்த டேவிட் லாக்கை 17,630 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2005இலும் வென்றார். நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவில் இடம்பெற்று அமைச்சர்களைக் கேள்வி கேட்டார். மருத்துவமனையை மூடினால் பதவி போகும் என்ற அச்சத்தை அவரது வெற்றி எல்லாக் கட்சிகளிலும் விதைத்தது.

ஆனால், கிட்டர்மின்ஸ்டரின் அவசரச் சிகிச்சைப் பிரிவு மீண்டும் திறக்கப்படவே இல்லை. தண்டனை கிடைத்தது, இழந்தது கிடைக்கவில்லை. அது மட்டுமல்ல, சேவையைக் குறைக்கத் திட்டமிட்ட ஆணையத்தினர் யாரும் மக்களிடம் வாக்குக் கேட்டு நின்றவர்கள் அல்லர். மக்களின் கோபம் யார்மீது பாய முடியுமோ அவர்மீது பாய்ந்தது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 2023 ஜூன் மாதம் நம் மக்களவை சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பொதுச் சுகாதாரச் செலவைப் படிப்படியாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. சீர்திருத்தத்திற்கான கால அளவு 15 ஆண்டுகள். மக்களவையின் ஆயுளோ 5 ஆண்டுகள். மூன்று ஆட்சிகளைத் தாண்டும் இந்த உறுதிமொழி நிறைவேறாமல் போனால், யாரைத் தோற்கடிப்பது? இன்று கையெழுத்திட்டவர் அன்று பதவியில் இருப்பார் என்பதற்கு என்ன உறுதி?

ஆகவே, தேர்தல் நாள்வரை காத்திருப்பது போதாது என்பதே என் கருத்து. ஒவ்வொரு வாக்குறுதியிடமும் மூன்று கேள்விகள் கேட்போம். எவ்வளவு? எப்போதைக்குள்? எந்தப் பணத்தில்? பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் நாளில், நம் தொகுதி உறுப்பினரிடம் அதே கேள்விகளை எழுத்து மூலம் கேட்போம். கிட்டர்மின்ஸ்டர் மக்கள் வாக்களித்தபோது கதவு ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. மூடுவதற்கு முன்பே கேட்பதற்கு நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வழக்குப் போட முடியாது தம்பி, கடிதம் போடலாம் என்றேன் அந்த மாணவரிடம். அவர் சிரித்தார். ஆனால், அடுத்த வாரம் தன் தொகுதி உறுப்பினரின் முகவரியைத் தேடி எடுத்து வந்திருந்தார்.