லேபிளைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்துக் கரமனையில் மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கிழக்கே மலைப்பக்கம் கறுத்துவிடும். சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் இதே குணம்தான். பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னல் வாய்ப்பு அதிகம், மின்சாதனங்களின் பிளக்கைக் கழற்றி வையுங்கள் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வொரு பருவத்திலும் எச்சரிக்கிறது. மறந்துபோனவர்களின் கம்ப்யூட்டர் மறுநாள் காலையில் ரிப்பேர் கடை மேசைக்கு வந்து சேரும். மெக்கானிக் கேபினெட்டைத் திறந்ததும் முதலில் சந்தேகப்படும் சாமான், பின்பக்க மூலையில் நான்கு ஸ்குரூவில் நின்று மற்ற பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் அந்த இரும்புப் பெட்டி. நம் ஊர்க் கடைகளில் அதற்குப் பெயர் எஸ்எம்பிஎஸ்.

பிராசஸர் எது, ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி உண்டா என்று குடைந்து குடைந்து கேட்கிறவர்கள்கூட எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் 'நல்லதாப் பார்த்துப் போடுங்கோ' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேபினெட்டோடு சேர்ந்து வருவதே போதும் என்று கடைக்காரரும் ஒன்றைப் பூட்டிக் கொடுத்துவிடுகிறார். அக்ஷயா மையமோ, டிடிபி கடையோ, பாப்பனங்கோடு பொறியியல் கல்லூரிக்குப் போகும் பையனின் அறையோ, எங்கும் இப்படித்தான் நடக்கிறது. மழை, ஈரக்காற்று, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், பழைய ஓட்டு வீடுகளில் சரியில்லாத எர்த் என்று எல்லாம் சேர்ந்த ஊரில் இந்தப் பெட்டியைப் பார்க்காமல் வாங்குவது பெரிய தப்பு. பிரித்துப் பார்க்க வேண்டாம். பிரிக்கவும் கூடாது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வெளிப்புறத்தை ஐந்து நிமிடம் கவனித்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அளவில் பெரிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. 1995ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வரையறைப்படி அகலம் 150 மி.மீ., உயரம் 86 மி.மீ.; நீளம் மட்டும் 140ல் தொடங்கி வாட் கூடக்கூட வளரும். மட்டமான பெட்டியும் உயர்ந்த பெட்டியும் ஒரே ஓட்டையில் உட்காரும் என்பதால் அளவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கையில் தூக்கிப் பாருங்கள். 450, 550 வாட் என்று சொல்லி விற்கும் ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை கனக்கும். அதே வாட் எண்ணை அச்சடித்த மலிவுப் பெட்டி ஒரு கிலோகூட வராது. மின்மாற்றி, சுருள், கெபாசிட்டர், வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடு எல்லாவற்றுக்கும் எடை உண்டு. எடை குறைந்தால் இவற்றில் எதையோ சிறிதாக்கியிருக்கிறார்கள், அல்லது போடாமலே விட்டிருக்கிறார்கள். திறன் மிகுந்த புதிய வடிவமைப்புகளில் அலுமினியம் குறைவாகத்தான் தேவைப்படும். ஆகவே எடை ஒன்றையே முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். முதல் சந்தேகத்துக்கு அது போதும்.

அடுத்து தகரம். முலாம் பூசிய வெறும் தகடா, பவுடர் கோட்டிங் கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். கடலும் அருகே, ஆறும் அருகே. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் ஊர் இது. வெட்டிய விளிம்பிலும் ஸ்குரூ ஓட்டையிலும்தான் துரு முதலில் பிடிக்கிறது. விசிறி மூடியின் கம்பி இடைவெளியையும் பாருங்கள். கேரளத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் யாரைக் கேட்டாலும் எறும்புக் கதை ஒன்று சொல்வார். கதகதப்பான இரும்புப் பெட்டி எறும்புக்கும் பல்லிக்கும் நல்ல குடியிருப்பு. இதற்கு வடிவமைப்பில் முழுத் தீர்வு கிடையாது. தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வைப்பதே பலன் தரும். தரை துடைக்கும் ஈரத்துணியிலிருந்தும் தப்பிக்கலாம்.

பின்பக்கம் பவர் கார்டு செருகும் இடத்தைக் கவனியுங்கள். மூன்று முனை இருக்கும். நடுவில் நிற்பது எர்த். 'கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இழுக்குது' என்ற புகாரைக் கேட்காத வீடு இல்லை. இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு ஒவ்வொரு சிறு கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கெபாசிட்டர்கள் வழியே வரும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் அந்த உலோக உடல் 230 வோல்ட்டில் பாதியில், ஏறக்குறைய 115 வோல்ட்டில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லாமல் சுர்ரென்று மட்டும் இழுக்கிறது. குற்றம் பெரும்பாலும் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இடி விழும் ஊரில் எர்த் இல்லாத வீட்டுக்கு எவ்வளவு விலை கொடுத்து ஸ்பைக் கார்டு வாங்கினாலும் முழுப் பயன் இருக்காது.

அதே இடத்தில் பழைய பெட்டிகளில் சிவப்பு நிற ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. விளையாட்டாக யாராவது அதை 115க்குத் தள்ளிவிட்டு நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் வெடிச்சத்தம்தான் மிஞ்சும். புதிய, ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபாக்டர் திருத்தம்) உள்ள பெட்டிகளில் பொதுவாக இந்த ஸ்விட்ச் இருக்காது. ஆனால் ஸ்விட்ச் இல்லை என்பதாலேயே நல்ல பெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியச் சந்தைக்கென்றே செய்த சில மலிவுப் பெட்டிகளில் பிஎஃப்சியும் இருக்காது, ஸ்விட்ச்சும் இருக்காது. லேபிளில் உள்ளீடு 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்கும் வடிவமைப்பு என்று கொள்ளலாம்.

இனி லேபிள். எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான்.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 450 என்று இருக்கும். உற்றுப் பார்த்தால் பக்கத்தில் வாட் என்ற சொல்லே இருக்காது; அது மாடல் எண். கணக்கு உள்ளே இருக்கும் இரும்புப் பெட்டியின் பக்கவாட்டு அட்டவணையில் இருக்கிறது. 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 12, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று ஐந்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்பது எதிரே இருக்கும். 12 வோல்ட் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உயிர் வாழ்வது அதில்தான். அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால் 12 பெருக்கல் 14, 168 வாட். மேலே 450 என்று எதை அச்சடித்திருந்தாலும் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது இவ்வளவுதான். ஒழுங்கான 450 வாட் பெட்டியில் இந்த எண் 36, 37 ஆம்பியர் அளவில் இருக்கும். 12 வோல்ட்டை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருந்தால் இரண்டு ஆம்பியரையும் கூட்டிவிடக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று கீழே தனியாகப் போட்டிருப்பதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் மலிவுப் பெட்டிகள் எப்படி வருஷக்கணக்கில் ஓடுகின்றன? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கம்ப்யூட்டர் பெரும்பாலான நேரம் 100 வாட் கூடத் தின்பதில்லை. பையன் கேம் விளையாடவோ வீடியோ எடிட் செய்யவோ ஒரு கார்டு வாங்கிப் போடுகிற அன்றைக்குத்தான் பொய் வெளுக்கிறது. அன்றைக்கு எஸ்எம்பிஎஸ் மட்டும் போனால் பாக்கியம். சில சமயம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

80 ப்ளஸ் முத்திரை 2004ல் வந்தது. வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை அளந்து கொடுப்பது. கம்ப்யூட்டருக்கு 200 வாட் தேவை என்றால் 80 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 250 வாட் இழுத்து 50 வாட்டை வெப்பமாகக் கக்கும். 90 சதவீதப் பெட்டி 222 வாட்தான் இழுக்கும், வெப்பம் 22. கரன்ட் பில்லில் மிச்சமாவதைவிட இந்த வெப்பக் குறைவே நமக்குப் பெரிய லாபம். அந்தச் சோதனை நடப்பது ஏறக்குறைய 23 டிகிரி அறையில். சித்திரை மாத மத்தியானத்தில் கரமனையில் மூடிய கேபினெட்டுக்குள் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களின் பழைய கணக்கு. ஆகவே முத்திரையோடு, எத்தனை டிகிரியில் முழு வாட் தரும் என்பதையும் கேளுங்கள். 40 அல்லது 50 டிகிரி என்று எழுதிக் கொடுக்கும் கம்பெனிக்கு நான் கூடுதல் பணம் கொடுப்பேன்.

இந்தக் கெபாசிட்டர் விஷயத்தில் கேரளத்துக்கு உரிமையோடு பெருமைப்பட இடமுண்டு. 1973ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கே.பி.பி. நம்பியார் தலைமையில் தொடங்கிய கெல்ட்ரான், இந்தியாவில் ஒரு மாநில அரசு நடத்திய முதல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். கண்ணூர் மாவட்டத்தில் உள்ள அதன் பிரிவு பல பத்தாண்டுகளாக எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் செய்துவருகிறது. 2024ல் சூப்பர் கெபாசிட்டர் ஆலையும் அங்கே வந்தது. பாகம் செய்யும் திறமை நம்மிடம் இருக்கிறது. முழு எஸ்எம்பிஎஸ்ஸை நம் வெயிலுக்கும் இடிக்கும் ஏற்றபடி இங்கேயே வடிவமைத்து விற்க ஒருவர் முன்வர வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரன்ட் போய் யுபிஎஸ் பொறுப்பேற்கும் இடைவெளி பொதுவாகப் பத்து மில்லி விநாடிக்குள். அந்த நேரத்தைத் தன் சேமிப்பில் தாண்ட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை. நல்ல பெட்டி 16, 17 மில்லி விநாடி தாங்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஆக்டிவ் பிஎஃப்சி பெட்டிகள் சில ஒத்துப்போகாமல் பட்டென்று அணையும். அந்தக் குறை எஸ்எம்பிஎஸ்ஸுடையது அல்ல. சைன் வேவ் தரும் யுபிஎஸ்தான் அதற்கு மருந்து.

வயர்களையும் தடவிப் பாருங்கள். மேலே 18 ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருந்தால் நல்லது. எண் 20, 22 என்று கூடினால் செம்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றி மாட்டும் மாடுலர் வயர் உள்ள பெட்டியானால், ஒரு கம்பெனி வயரை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் ஒருபோதும் செருகாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே இணைப்பு வரிசை மாறியிருக்கும். ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.

பெட்டியை ஏன் பிரிக்கக் கூடாது? பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

மின்னணுப் பொருள்களுக்காக மத்திய அரசு 2012ல் கொண்டுவந்த கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் தனியாக விற்கும் எஸ்எம்பிஎஸ்களும் பின்னால் சேர்க்கப்பட்டன. லேபிளில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய பெயரில் பதிவு, எந்தப் பொருளுக்குப் பதிவு என்று தெரிந்துவிடும். அடுத்த முறை கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது, பூட்டுவதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்து லேபிளைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட்டுக்கு எதிரே இருக்கும் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். லேபிளைக் காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.