இஞ்சிச் சாறு புற்றுநோயைக் குணமாக்குமா? தாவர நானோ குமிழிகள் பற்றி ஒரு விளக்கம்



நம் ஜமாஅத் மக்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. "இஞ்சியிலும் எலுமிச்சையிலும் நானோ குமிழிகள் உள்ளன, அவை புற்றுநோய் செல்களை அழித்துவிடும், கீமோ தேவையில்லை" என்பது அதன் சாரம். மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் குடும்பத்தாரும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். "இதைக் கொடுத்துக்கொண்டு ஊசி போடுவதை நிறுத்திவிடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் செய்தியில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நம் கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

நானோ குமிழி என்றால் என்ன?

மனித உடலானாலும் செடியானாலும் செல்களால் ஆனது. செல்கள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள மிக நுண்ணிய பைகளை வெளியே விடுகின்றன. கொழுப்பால் ஆன மெல்லிய உறைக்குள் புரதம், கொழுப்பு, மைக்ரோ ஆர்.என்.ஏ. போன்ற பொருள்கள் இருக்கும். ஒரு செல் அனுப்பும் இந்தப் பொட்டலத்தை இன்னொரு செல் வாங்கிக்கொள்ளும். செடியிலிருந்து எடுக்கப்படுபவற்றைத்தான் தாவர நானோ குமிழிகள் என்கிறார்கள்.

இவற்றின் அளவு பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை. நூறு நானோமீட்டர் குமிழிகளை வரிசையாக அடுக்கினால், ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் அரிசியின் மேல் 50,000 குமிழிகள் நிற்கும். சாதாரண நுண்ணோக்கியில் இவை தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

இதுவரை நடந்த ஆய்வுகள்

1967இல் ஹால்பெரின், ஜென்சன் என்ற இரு விஞ்ஞானிகள் கேரட் செல்களை ஆராய்ந்தபோது இத்தகைய குமிழிகளைக் கண்டு பதிவு செய்தார்கள். இவற்றை மருந்தாக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது அதற்கு நெடுங்காலம் கழித்துத்தான். 2013இல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பம்பளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் கொழுப்பிலிருந்து குமிழிகள் செய்து, மருந்தை ஏற்றிச் செல்லும் வண்டியாக அவற்றைப் பயன்படுத்த முடியும் என்று காட்டினார்கள். 2015இல் இத்தாலியின் பலெர்மோ நகர ஆய்வாளர்கள், எலுமிச்சைக் குமிழிகள் சில புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டார்கள். 2016இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், இஞ்சிக் குமிழிகளைக் கொடுத்த எலிகளுக்குக் குடல் அழற்சியும் அதனால் வரும் புற்றுக்கட்டியும் குறைந்தன.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. காவிரியின் மேல்பகுதியில் உள்ள மைசூருவில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இஞ்சிக் குமிழிகளைப் பிரித்தெடுக்க வழக்கமாக அதிவேகத்தில் சுழலும் விலையுயர்ந்த அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இயந்திரம் வேண்டும். அது இல்லாமலே, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளைச் சேர்த்துக் குமிழிகளைப் படியவைக்கும் செலவு குறைந்த முறையை இந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். பெரிய இயந்திரத்தில் கிடைப்பதில் 60 முதல் 90 சதவீதம் வரை இம்முறையில் கிடைத்தது. ஏழை நாட்டுக்கு இது பெரிய விஷயம்.

கொழுப்புக் குமிழியில் மருந்தை ஏற்றி அனுப்பும் முறை ஏற்கெனவே மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. லிப்போசோம் என்ற செயற்கைக் குமிழிக்குள் அடைத்த டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துக்கு 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செடி தானாகவே செய்து தரும் குமிழி அதைவிட மலிவாகவும், உடலுக்கு ஒத்துக்கொள்வதாகவும் இருக்கலாம் என்பதே விஞ்ஞானிகளின் எதிர்பார்ப்பு.

அப்படியானால் ஏன் இன்னும் மருந்தாகவில்லை?

மேலே சொன்ன புற்றுநோய் ஆய்வுகள் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் நடந்தவை. எலியில் பலித்து மனிதரில் பலிக்காமல் போன மருந்துகள் ஏராளம். மனிதர்களிடம் நடத்தப் பதிவு செய்யப்பட்ட சோதனைகள் மிகச் சிலவே. லூயிவில் பல்கலைக்கழகம் அப்படி இரண்டு சோதனைகளைப் பதிவு செய்தது. ஒன்று, மஞ்சளிலுள்ள குர்குமினைத் தாவரக் குமிழியில் ஏற்றிப் பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுப்பது. மற்றொன்று, தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் வாய்ப்புண்ணைத் திராட்சைக் குமிழிகளால் தடுக்க முடியுமா என்று பார்ப்பது. எந்த நாட்டிலும் தாவரக் குமிழி புற்றுநோய் மருந்தாக இன்னும் அனுமதி பெறவில்லை.

இன்னொரு சிக்கலை நம் விவசாயச் சகோதரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரே ரக நெல் குறுவையில் ஒரு மாதிரியும் சம்பாவில் ஒரு மாதிரியும் விளைகிறது. மண்ணும் தண்ணீரும் மாறினால் மணியும் மாறுகிறது. இஞ்சியும் அப்படித்தான். வயலும் பருவமும் மாறும்போது குமிழிக்குள் இருக்கும் பொருளின் அளவும் மாறுகிறது. மருந்து என்றால் ஒவ்வொரு வேளையும் ஒரே அளவு, ஒரே வீரியம் இருக்க வேண்டும். அதை உறுதி செய்யும் வழியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"வீட்டில் பிழியும் சாற்றிலும் அதே குமிழிகள் இருக்கின்றனவே?" என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் ஆய்வகத்தில் சாற்றை வடிகட்டி, பலமுறை சுழற்றி, சக்கையும் மற்ற பொருள்களும் நீக்கி, குமிழிகளை மட்டும் சேர்த்து அளந்து கொடுக்கிறார்கள். ஒரு தம்ளர் இஞ்சிச் சாற்றில் எத்தனை குமிழி இருக்கிறது, வயிற்றைத் தாண்டி எத்தனை தப்பும், கட்டி இருக்கும் இடத்துக்கு எத்தனை போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நித்திய கல்யாணி தரும் பாடம்

நம் வீட்டு வாசலிலும் கபர்ஸ்தான் ஓரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்திய கல்யாணிச் செடியை எல்லோரும் பார்த்திருப்போம். ஜமைக்கா நாட்டில் மக்கள் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடித்தார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்தானே இரத்தப் புற்றுநோய்! அந்த வழியில் கிடைத்தது வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகள் எடுத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் முக்கியமான மருந்து.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்பட்டது. வின்கிரிஸ்டினை இரத்தக் குழாயில் மட்டுமே, மில்லிகிராம் கணக்கில் ஏற்றுவார்கள். தவறிப்போய் முதுகுத்தண்டில் செலுத்தினால் உயிர் போய்விடும். செடியை அப்படியே அரைத்துக் குடித்தால் அது விஷம். புற்றுநோயை உண்மையிலேயே குணமாக்கும் மருந்தைத் தந்த செடியின் கதையே இது. செடிக்கும் மருந்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. சொர்க்கவாசிகளின் பானத்தில் இஞ்சி கலந்திருக்கும் என்று குர்ஆன் கூறுவதையும், கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததையும் நாம் முழுமனதோடு ஏற்கிறோம். ஆனால் இஞ்சியின் சிறப்பு, மருத்துவரின் சிகிச்சையை நிறுத்துவதற்கான ஆதாரம் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதுதான் நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை. சிகிச்சையும் துஆவும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ரமலான் நோன்பில் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. கீமோ எடுப்பவர்கள் மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்யுங்கள். நோன்புக்காகச் சிகிச்சை நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. சமையலில் சேரும் இஞ்சி, மஞ்சள், எலுமிச்சை பற்றிப் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சாறாகவும் மாத்திரையாகவும் அதிக அளவில் எடுத்தால் சில மருந்துகளோடு மோதும். கிரேப்ஃப்ரூட் சாறு பல மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. கீமோவின்போது வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால், சுத்தமில்லாத பச்சைச் சாற்றால் கிருமி தொற்றலாம். எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

2. "நானோ", "எக்ஸோசோம்" என்று பெயர் போட்டுப் புற்றுநோய்க்கு விற்கும் பொடி, சொட்டு மருந்துகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்து வாங்கும் அந்தப் பணம் உண்மையான சிகிச்சைக்கு வேண்டிய பணம்.

3. இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பெண்கள் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை இலவசம்.

4. வெற்றிலையோடு சேரும் புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. விருந்து முடிந்ததும் தாம்பூலம் போடும் நம் டெல்டா பழக்கத்தை யோசிக்க வேண்டும்.

5. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலும் ஏழைகள் சிகிச்சை பெற வழி இருக்கிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டையோடு வந்தால் விண்ணப்பம் எழுத நம் அலுவலகத்தில் உதவுகிறோம். போக்குவரத்துச் செலவு, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு போன்றவற்றுக்கு, தகுதியுள்ளவர்கள் ஜகாத் நிதியிலிருந்து கேட்கத் தயங்க வேண்டாம்.

கல்லூரியில் உயிரியலும் மருந்தியலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. இத்துறையில் விடை தெரியாத கேள்விகள் நிறைய உள்ளன. வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் செய்திகளைச் சோதித்துப் பார்த்து உண்மை சொல்லும் ஆய்வாளர்கள் நம் வீடுகளிலிருந்தும் வர வேண்டும்.

தாவரக் குமிழிகள் ஒருநாள் நல்ல மருந்தாக வரலாம், இன்ஷா அல்லாஹ். இன்று நோயோடு இருப்பவருக்கு இன்று கையில் இருக்கும் சிகிச்சையைத் தவறாமல் கொடுப்போம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.