ஈத்தங்கொட்டையை ஊன்றும் முன்

நோன்பு திறந்த ஈத்தம்பழத்தின் கொட்டையை வளவு மூலையில் ஊன்றினால் பெரும்பாலும் முளைத்துவிடும். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே நிற்கும் மரங்களைப் பார்த்தவருக்கு, கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஏன் கூடாது என்று தோன்றுவது நியாயமே. மணல் நிலத்தையும் உவர்நீரையும் தாங்கும் மரம். வெயிலுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனாலும் பழத்தை நினைத்துக் கொட்டை ஊன்றுவது அதிர்ஷ்டச் சீட்டு வாங்குவது போலத்தான். இந்தக் கரைக்கு அந்த உவமை பிடிக்காதுதான், ஆனால் கணக்கு அப்படி இருக்கிறது. ஈத்தையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண். பாளை தள்ளும்வரை, அதாவது நாலைந்து வருடமோ அதற்கு மேலோ, எது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. சாக்கடலோரத்து மசாதா கோட்டையில் கிடைத்த, ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழைய கொட்டை ஒன்றை 2005இல் ஊன்றி முளைக்க வைத்தார்கள். உலகமே வியந்த அந்த மரம் பூத்தபோது ஆணாகப் போயிற்று. பெண்ணாக வாய்த்தாலும் தாயின் குணம் அப்படியே வராது. அஜ்வாக் கொட்டையிலிருந்து அஜ்வா கிடைக்காது. அரபு நாட்டார் தொன்றுதொட்டு அடிப்பக்கக் கன்றைப் பிரித்து நட்டதும், இப்போது திசு வளர்ப்புக் கன்றை நாடுவதும் இதனால்தான்.

குஜராத்தின் கச்சுப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கொட்டையிலிருந்தே தோப்பு வளர்த்தார்களே என்று கேட்கலாம். ஏக்கர் கணக்கில் நடுபவர் வேண்டாத ஆண்மரங்களைத் தறித்துவிட்டு மீதியில் பிழைப்பார். பத்துப் பேர்ச் வளவில் வீட்டையும் கிணற்றையும் தென்னையையும் கழித்தால் மிஞ்சுவது ஒரு மரத்துக்கான இடம். அதில் பிழைக்கு இடமில்லை. கச்சுக்காரரிடம் படிக்க வேண்டியது வேறொன்று. மழைக்கு முந்தி, பழம் கனியுமுன்னரே செங்காயாக அறுத்துவிடுகிறார்கள். நம் கரையில் பெப்ரவரி, மார்ச்சில் பூத்தால் யூலை, ஓகஸ்டில் செங்காய். மாரி தொடங்க ஒக்டோபராகும். காலம் ஒத்துவருகிறது. கடற்காற்றின் ஈரத்தில் மரத்திலேயே காயவைத்து எடுப்பதுதான் கடினம். ஆகவே செங்காயிலேயே துவர்ப்பில்லாமல் இனிக்கும் பஸ்றா இனமான பர்ஹிதான் இங்கே முதல் தெரிவாக வேண்டும். டெக்லத் நூர் போன்று உலர்த்திச் சாப்பிடும் இனங்கள் பாலைவனத்துக்கே சரி.

மகரந்தத்தைக் காற்றுக்கு விட்டுவிடலாமே என்பது அடுத்த கேள்வி. ஆண்மரம் பக்கத்தில் நின்றால் காற்றாலும் கொஞ்சம் காய் கட்டும். கட்டாதவை கொட்டையில்லாமல் சூம்பிப்போகும். மதீனாவில் கையால் மகரந்தம் சேர்ப்பதை விட்ட வருடம் விளைச்சல் குறைந்ததும், உலகக் காரியத்தை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் கிரந்தத்தில் பதிவானவை. மரத்தை விதியில் விட்டுவிட விரும்புவோர்க்கு அதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. வேலையும் பெரிதல்ல. பெண்பாளை வெடித்த ஓரிரு நாளில் ஆண்பூங்கதிர் சிலவற்றை அதன் நடுவே செருகித் தளர்வாகக் கட்டினால் போதும். எந்த ஆண் என்பதும் பொருட்டு: மகரந்தம் தரும் மரத்தைப் பொறுத்துப் பழத்தின் பருமனும் பழுக்கும் காலமும் மாறுவதை தாவரவியலாளர் ஸ்விங்கிள் 1928இலேயே எழுதினார்.

தென்னைக்குக் கேடு வராதா என்ற அச்சம் மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாதது. சிவப்புக் கூன்வண்டு இரண்டு மரத்தையும் துளைக்கும். வளைகுடாவில் அது ஊர்விட்டு ஊர் பரவியதே கன்றுகளோடுதான். பயணப்பையில் ஒளித்துவரும் கன்றைவிட, கட்டுநாயக்கா தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையின் அனுமதியோடு வரும் திசு வளர்ப்புக் கன்றுதான் தென்னைக்கும் பாதுகாப்பு.

இனி ஆண்மரம். ஒன்றே நாற்பது, ஐம்பது பெண்மரங்களுக்குப் போதும், ஆனால் பழம் தராத மரத்துக்கு யார் வளவை விடுவார்? பள்ளிவாசல் வளவிலோ பாடசாலை மைதானத்தின் ஓரத்திலோ ஒன்று நிற்கட்டும். பாளை வெடித்ததும் வேண்டிய வீட்டார் ஆளுக்கு நாலு கதிர் கொண்டுபோகலாம்.