கப்பல் தச்சர் செய்த படகு

நாலாபுறமும் பனிக்கட்டி. நடுவே ஒரு மரக்கப்பல். அதில் 28 பேர்.

கப்பலின் பெயர் "எண்டூரன்ஸ்." தென் துருவக் கண்டத்தைக் குறுக்கே கடந்துவிட வேண்டும் என்பது தலைவர் ஷாக்கிள்டனின் ஆசை. 1914 ஆகஸ்டில் அது இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதே வாரத்தில்தான் முதல் உலகப் போர் மூண்டது.

கப்பலின் தச்சர் ஹாரி மெக்னிஷ். ஸ்காட்லாந்துக்காரர். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. யாராயிருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

ஆங்கில மாலுமிகள் தச்சரைச் செல்லமாக "சிப்பி" என்பார்கள். அவர் கொண்டுவந்த பூனை எந்நேரமும் அவர் பின்னாலேயே திரிந்தது. ஆகவே அதற்குத் "திருமதி சிப்பி" என்று பெயர் சூட்டினார்கள். அது ஆண் பூனை என்பது பிறகுதான் தெரிந்தது!

மாறாத வருத்தம்

1915 ஜனவரியில் கப்பல் பனியில் சிக்கியது. மாதக்கணக்கில் பனி நெருக்கியது. கப்பல் நொறுங்கி, நவம்பரில் மூழ்கியது.

பனிக்கட்டியின் மேல் கூடாரம் அடித்தார்கள். உணவு கொஞ்சம். நாய்க்குட்டிகளையும் பூனையையும் சுட்டுவிடும்படி தலைவர் உத்தரவிட்டார். மெக்னிஷ் அதை மன்னிக்கவே இல்லை.

டிசம்பரில் படகுகளைப் பனிமேல் இழுத்துப் போனார்கள். "கப்பலே போய்விட்டது, இனி ஒப்பந்தம் ஏது?" என்ற வாதத்தோடு தச்சர் நின்றுவிட்டார். தலைவர் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிய பிறகே பணிந்தார். ஆனால் சில நாட்களில் அந்த நடையே கைவிடப்பட்டது!

ரத்தம் பூசிய பலகை

1916 ஏப்ரலில் பனி உடைந்தது. மூன்று படகுகளில் ஏறி, யானைத் தீவு என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். அங்கே யாரும் தேடி வரமாட்டார்கள். உதவிக்கு சுமார் 800 மைல் தாண்டித் தெற்கு ஜார்ஜியா தீவுக்குத்தான் போகவேண்டும். கைவசம் இருந்ததோ 22½ அடி நீளத் திறந்த படகு!

மெக்னிஷ் வேலையில் இறங்கினார். இன்னொரு படகின் பாய்மரத்தை எடுத்து, படகின் அடியில் நீளவாக்கில் வைத்துக் கட்டினார். பெட்டி மூடிகளையும் சறுக்கு வண்டிக் கட்டைகளையும் அடித்து மேல்தளத்துக்குச் சட்டம் செய்தார். உறைந்து விறைத்த கித்தான் துணியை அடுப்பில் இளக்கித் தைத்து, மேலே போர்த்தினார்கள்.

இடுக்குகளை அடைக்கத் தார் ஏது? விளக்குத் திரியைத் திணித்து, ஓவியரின் வர்ணத்தையும் கடல் நாயின் ரத்தத்தையும் பூசினார்.

ஏப்ரல் 24-ம் தேதி ஆறு பேர் கிளம்பினார்கள். தச்சரும் போனார். உலகிலேயே கொடிய கடல் அது. 16 நாட்களில் கரை சேர்ந்தார்கள். படகு உடையவில்லை.

மனிதர்கள் வாழும் இடம் மலைக்கு அப்பால் இருந்தது. மெக்னிஷால் நடக்க முடியவில்லை. படகின் திருகாணிகளைப் பிடுங்கி, போகிறவர்களின் பூட்ஸ் அடியில் பொருத்திக் கொடுத்தார். ஷாக்கிள்டனும் இருவரும் 36 மணி நேரத்தில் பனிமலையைக் கடந்தார்கள். போர் இன்னும் முடியவில்லை என்பதை அங்கேதான் அறிந்தார்கள்!

ஆகஸ்ட் 30-ம் தேதி, தீவில் காத்திருந்த 22 பேரும் மீட்கப்பட்டனர். 28 பேரும் உயிருடன் இருந்தார்கள்.

போர் விடவில்லை

அந்தப் படகில் மெக்கார்த்தி என்ற ஐரிஷ் மாலுமியும் வந்திருந்தார். ஓராண்டு நிறையவில்லை. 1917 மார்ச்சில், அவர் வேலை பார்த்த எண்ணெய்க் கப்பல் நீர்மூழ்கிக்கு இரையானது. தச்சர் காப்பாற்றிய உயிரைப் போர் கடலிலேயே பறித்துக்கொண்டது.

பயணம் போனவர்களுக்குத் துருவப் பதக்கம் வழங்கப்பட்டது. நால்வருக்கு மட்டும் இல்லை. அதில் ஒருவர் மெக்னிஷ்! பனிமேல் செய்த தகராறுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? படகைச் செய்த கைக்குக் கிடைத்தது இதுதான்.

பின்னாளில் நியூஜிலாந்தின் வெலிங்டன் துறைமுகத்தில் வேலை செய்தார். உடல் தளர்ந்து, ஏழைகள் விடுதியில் தங்கினார். 1930-ல் இறந்தார். 1959 வரை கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை.

அந்தப் படகை லண்டனில் டல்விச் கல்லூரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 2004-ல் தச்சரின் கல்லறைமேல் ஒரு வெண்கலப் பூனையைப் படுக்க வைத்தார்கள்.