சஸ்பென்ஷன் லைட் எரியுதா? டிரைவர் தலையில் பழியைப் போடாதீங்க!

சென்னை:-

ஆக்டிங் டிரைவர் வேலை பார்த்து பிழைப்பவர்களுக்கு புதுத் தலைவலியாக வந்திருக்கிறது எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன். ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்கள் மட்டுமே வைத்திருந்த சொகுசு கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் பலர் கைக்கு வந்துவிட்டன. ஓடிக்கொண்டிருக்கும் போதே டேஷ்போர்டில் லைட் எரியும். கார் ஒரு பக்கம் சாயும். உடனே, "பள்ளத்துல விட்டு உடைச்சிட்டியா?" என்று ஓனர் சத்தம் போடுவார். சம்பளத்தில் கை வைப்பதும் உண்டு.

ஆனால் லைட் எரிந்தாலே ஷாக் அப்சார்பர் போச்சு என்று அர்த்தம் இல்லை. ஃபியூஸ், ஒயர், சென்சாரில் கோளாறு இருந்தாலும் அதே லைட்தான் எரியும்.

எப்படி வேலை செய்யுது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளுவதை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே இருக்கும் ஆயில், பிஸ்டனில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாகப் போகும்போது துள்ளல் அடங்குகிறது. எலக்ட்ரானிக் வகையில், ஆயில் போகும் வழியை ஒரு மின்சார வால்வு கூட்டிக் குறைக்கும்.

ஏர் சஸ்பென்ஷன் காரில் இரும்பு ஸ்பிரிங்குக்கு பதில் ரப்பர் காற்றுப்பை இருக்கும். கம்ப்ரசர் காற்று அடிக்கும். வீல் பக்கத்தில் உள்ள ஹைட் சென்சார், கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

முதலில் பார்க்க வேண்டியது

* பேட்டரி. சார்ஜ் குறைந்தால் கூட சஸ்பென்ஷன் லைட் எரியலாம். அடுத்து ஃபியூஸ், ரிலே.

* ஹைட் சென்சாரின் சின்ன லிங்க் கம்பி. இது கழன்றாலோ உடைந்தாலோ கம்ப்யூட்டருக்கு தப்பான கணக்கு போகும்.

* ஒயர் கனெக்டர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற காரில் கனெக்டர் பச்சை பூத்து, பல மாதம் கழித்துக் கூட வேலையைக் காட்டும்.

* காற்றுக் கசிவு. ராத்திரி சமதரையில் நிறுத்துங்க. காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கி இருந்தால் அந்தப் பக்கம் காற்று போகிறது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ரப்பர் பை வயதானாலே வெடிப்பு விடும், அதற்கு பள்ளம் தேவையில்லை. கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் போய்விடும். அப்புறம் செலவு இரட்டிப்பு.

ஷாக் போனதற்கு அடையாளம்

ஷாக் மேலே ஆயில் வழிந்து புழுதி அப்பி இருக்கும். பிரேக் போட்டால் முன்பக்கம் குப்புற இறங்கும். டயர் அங்கங்கே குழி குழியாகத் தேயும். இதை அலட்சியம் செய்தால் மேடு பள்ள ரோட்டில் டயர் தரையை விட்டுத் துள்ளும், பிரேக் போட்டாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்து மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்ப்பது நல்லது.

'கட கட' சத்தம் மட்டும் வந்தால் அவசரப்பட வேண்டாம். லிங்க் ராடு, புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். ஷாக் விலையைவிட ரொம்பக் குறைவான செலவில் முடிந்துவிடும்.

உயிர் முக்கியம்

ஏர் சஸ்பென்ஷன் காரை வெறும் ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் படுக்கவே கூடாது. காற்று இறங்கினால் கார் சட்டென்று கீழே வரும். புத்தகத்தில் சொன்ன ஜாக் மோடைப் போட்டு, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகே வேலை. கேஸ் ஷாக்கை வெல்டிங் வைப்பதோ, தீயில் காட்டுவதோ கூடாது. வெடிக்கும்.

பழியில் இருந்து தப்ப

சாதாரண சின்ன ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோளாறை மட்டுமே காட்டும். சஸ்பென்ஷனைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஒர்க் ஷாப்புக்குப் போங்க. அதில் வரும் கோடு பெரும்பாலும் 'சி' எழுத்தில் தொடங்கும். சில கார்களில் எத்தனையாவது கிலோமீட்டரில் கோளாறு வந்தது என்பதும் பதிவாகி இருக்கும். அதை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்க.

வண்டியை கையில் வாங்கும்போதே சாவியைப் போட்டு எந்த லைட் எரிகிறது, நாலு மூலையும் சமமாக நிற்கிறதா என்று பார்த்து, செல்போனில் படம் பிடித்து ஓனருக்கு அனுப்பிவிடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான். சம்பளத்தில் பிடிக்க வந்தால், அந்தப் படம்தான் உங்களுக்காகப் பேசும்.