பதிலுக்குப் பதில்

ஆடுபவர் இருவர். ஒவ்வொருவரும் ஒத்துழைக்கலாம், அல்லது கைவிரிக்கலாம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி; இருவரும் கைவிரித்தால் ஆளுக்கு 1. ஒருவர் நம்பி ஒத்துழைக்க மற்றவர் கைவிரித்தால், கைவிரித்தவருக்கு 5, நம்பியவருக்கு ஒன்றுமில்லை. ஆட்டக் கோட்பாட்டில் இதற்குக் ‘கைதிகளின் இக்கட்டு’ என்று பெயர். ஒரே ஒரு முறை ஆடுவதென்றால், எதிராளி எதைச் செய்தாலும் கைவிரிப்பதே லாபம். அதே ஆளோடு நாளையும் ஆட வேண்டியிருந்தால் கணக்கே மாறிவிடும்.

அப்படித் திரும்பத் திரும்ப ஆடும்போது எந்த உத்தி நிற்கும் என்று பார்க்க, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆக்ஸல்ராட் 1980-ஐ ஒட்டி ஒரு கணினிப் போட்டி நடத்தினார். 14 நிரல்கள் வந்தன. ஒவ்வொரு மோதலும் 200 சுற்று. வென்றதோ வந்தவற்றில் மிகச் சிறியது: அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய ‘பதிலுக்குப் பதில்’. முதல் சுற்றில் ஒத்துழைக்கும். பிறகு, போன சுற்றில் எதிராளி செய்ததையே செய்யும். அவ்வளவுதான். இந்த முடிவைத் தெரிந்துகொண்டே 62 நிரல்கள் இரண்டாம் போட்டிக்கு வந்தன. அதிலும் அதற்கே முதலிடம்.

இத்தனைக்கும் எந்தத் தனி மோதலிலும் அது எதிராளியை முந்தவே முடியாது. எதிராளியைவிட ஒரு முறைகூட அதிகமாகக் கைவிரிக்காத உத்திக்குக் கிடைப்பது சமநிலை, இல்லையென்றால் சற்றே குறைவு. தந்திரக்கார நிரல்கள் ஒன்றையொன்று கவிழ்க்கப் பார்த்து 1 புள்ளியில் சிக்கிக் கிடந்தபோது, இது பல இடங்களில் 3, 3 என்று சேர்த்துக்கொண்டே வந்தது. முதல் போட்டியில் முதல் எட்டு இடங்களும் தானாக வம்புக்குப் போகாத நிரல்களுக்கே கிடைத்தன என்பது உண்மையிலேயே மனத்தைத் தொடும் செய்தி.

ஆனால் ஒரு கைத்தவறு போதும், இந்த உத்தி தடுமாற. இதையே ஆடும் இருவரில் ஒருவர் 10-ஆம் சுற்றில் தவறிப்போய்க் கைவிரிக்கிறார் என்று கொள்வோம். 11-இல் மற்றவர் பழி வாங்குவார், 12-இல் முதலாமவர். ஆளுக்கு 5, 0 என்று மாறி மாறி வர, சராசரி 3-லிருந்து 2.5-க்கு இறங்கிவிடும்.

மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் இருவரும் 1992-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: சில துரோகங்களை மன்னித்துவிடுவது. இந்தப் புள்ளிக் கணக்கில் மூன்றுக்கு ஒன்று என்பது சரியான அளவு. அடுத்த ஆண்டே இன்னொன்று: 3 அல்லது 5 கிடைத்தால் செய்ததையே செய்வது, இல்லையேல் மாற்றிக்கொள்வது. இதை ஆடும் இருவரிடையே தவறு நேர்ந்தால், அடுத்த சுற்றில் இருவரும் கைவிரித்து, அதற்கடுத்த சுற்றிலேயே ஒத்துழைப்புக்குத் திரும்பிவிடுவார்கள். எப்போதும் கைவிரிப்பவனிடம் மட்டும் இது ஒன்றுவிட்ட சுற்றுகளில் ஏமாந்துகொண்டே இருக்கும்.