முகத்துக்கு ஏற்ற சவரக் கிரீம்

சவரம் என்பது ஆண்கள் விஷயம்தானே என்று தாய்மார்கள் எழுந்து போய்விட வேண்டாம். சம்பளம் போட்டதும் சாமான் பட்டியல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம். கணவருக்கும் மீசை அரும்பும் மகனுக்கும் எதை வாங்குவது என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே இது குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டிய பேச்சு.

முதலில் ஒரு கேள்வி. சவரம் செய்வதற்குக் கிரீம் எதற்கு? குளிக்கிற சோப்பு இருக்கிறதே, அது போதாதா?

முகத்து உரோமம் உலர்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும். தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் அது நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிவிடும். அப்போது பிளேடுக்கு வேலை குறைவு. தோலுக்குக் காயமும் குறைவு. கிரீமின் முதல் வேலை, அந்தத் தண்ணீர் காய்ந்து போகாமல் உரோமத்தோடு பிடித்து வைத்திருப்பது. இரண்டாவது வேலை, பிளேடு தோலின்மேல் வழுக்கிக்கொண்டு போக வழி செய்வது.

குளியல் சோப்பும் நுரை தரும். ஆனால் அந்த நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னொரு குறையும் உண்டு. ஒரு பொருள் அமிலமா காரமா என்பதை அளக்க 0 முதல் 14 வரை ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5. அதாவது லேசான அமிலம். சாதாரணக் குளியல் சோப்பு 9 அல்லது 10, நல்ல காரம். அந்தக் காரம் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுத்துவிடும். அதன்மேல் பிளேடையும் ஓட்டினால் முகம் எரியாமல் என்ன செய்யும்? துணி துவைக்கும் சோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. என்னிடம் படித்துவிட்டுப் போன பையன் ஒருவன், கன்னமெல்லாம் சிவந்து தடித்து வந்து நின்றான். விசாரித்தால், குழாயடியில் கிடந்த துணி சோப்பைத் தேய்த்து, அப்பாவின் பழைய பிளேடால் சிரைத்திருக்கிறான். அவனைக் குற்றம் சொல்வானேன்? எப்படிச் செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

சவரக் கிரீமும் பெரும்பாலும் ஒரு வகைச் சோப்புத்தான். ஆனால் அதைச் செய்யும்போது கொழுப்பமிலத்தைக் கொஞ்சம் மிச்சம் விட்டு, கிளிசரினும் சேர்ப்பார்கள். கட்டிச் சோப்புக்குச் சோடியக் காரம் என்றால், மிருதுவான கிரீமுக்குப் பொட்டாசியக் காரம் முக்கியம். அதனால்தான் அது குழைவாக இருக்கிறது; நுரையும் அடர்த்தியாக வருகிறது.

இந்த இடத்தில் நம் தோட்டத்துக்கும் அந்தக் குழாய்க் கிரீமுக்கும் உள்ள உறவைச் சொல்லியாக வேண்டும். நுரை நெடுநேரம் நிற்கக் காரணமான பால்மிட்டிக், ஸ்டியரிக் என்னும் கொழுப்பமிலங்களைச் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். சட்டென்று நுரை எழும்பச் செய்யும் லாரிக் அமிலம், செம்பனைக் கொட்டையின் பருப்பெண்ணெயில் ஏராளம். எண்ணெயைப் பிரிக்கும்போது கிளிசரினும் கிடைக்கிறது. 1917ஆம் ஆண்டு கோல சிலாங்கூர் அருகே தெனமாரம் தோட்டத்தில் வணிக முறையில் முதன்முதலாக நடப்பட்ட செம்பனை, இன்று மலேசியா முழுவதும் பரவி நிற்கிறது. நீங்கள் வெட்டி இறக்கும் குலையின் ஒரு பங்கு, எங்கெங்கோ சுற்றிக் குழாயில் அடைபட்டுக் கடைக்கு வரக்கூடும். அதை நமக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் இருக்கலாமா?

தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் தோல் எந்த வகை என்று தெரிய வேண்டும். இதற்கு டாக்டரிடம் போக வேண்டாம். ஓய்வு நாளில் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் நிழலில் இருங்கள். பிறகு கண்ணாடியைப் பாருங்கள்.

முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் தெரிந்தால் அது வறண்ட தோல். இவர்களுக்குக் கிளிசரின் மிகுந்த கிரீம் ஏற்றது. பட்டியலில் ஆல்கஹால் முன்னால் இருப்பதை வாங்காதீர்கள்.

நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் பளபளத்தால் அது எண்ணெய்த் தோல். இவர்கள் மிகுந்த எண்ணெய்ப் பசையுள்ள கிரீமைத் தவிர்த்து, லேசான நுரையோ ஜெல்லோ வாங்கலாம். முகப்பரு உள்ள பிள்ளைகள் பருவின்மேல் பிளேடை ஓட்டக் கூடாது. சவரத்துக்குப் பின் அவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் நல்லதல்ல. தோலின் நுண்துளைகளை அது அடைத்துவிடக்கூடும்.

எதைப் பூசினாலும் எரிகிறது, சிவக்கிறது, அரிக்கிறது என்றால் அது எளிதில் புண்படும் தோல். பலருக்கு ஒவ்வாமை தருவது கிரீமில் உள்ள வாசனைதான். இவர்கள் வாசனை சேர்க்காத கிரீமைத் தேட வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருந்தால் வாசனைப் பொருள் சேர்க்கவில்லை என்று பொருள். 'அன்சென்டட்' என்று இருந்தால் மணம் தெரியாது என்பது மட்டும்தான். மணத்தை மறைக்க வேறொரு வாசனைப் பொருளைச் சேர்த்திருக்கலாம்.

சுருள் முடி உள்ளவர்களுக்கு வேறு தொல்லை. ஒட்டச் சிரைத்த உரோமம் வளையும்போது தோலுக்குள்ளேயே திரும்பிக் குத்திக்கொள்ளும். கழுத்தில் சிறு சிறு கொப்புளமாக வருவது அதனால்தான். இவர்கள் அடர்ந்த நுரை தரும் கிரீமைப் போட்டு, உரோமம் வளரும் திசையிலேயே சிரைக்க வேண்டும். எதிர்த்திசையில் ஒட்டச் சிரைப்பதை விட்டுவிட வேண்டும்.

கிரீமின் உறையில் உள்ள பட்டியலைப் படிப்பது எப்படி? எது அதிகமோ அது முதலில் வரும். மிகக் குறைந்த அளவில் உள்ளவை கடைசியில் வரும். எழுத்து பொடியாக இருக்கும், ஆங்கிலத்திலும் இருக்கும். வெட்கப்படாமல் பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவனுக்கும் அது ஒரு பாடம். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத பொருளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

புதுக் கிரீமை நேரே முகத்தில் போட வேண்டாம். முழங்கையின் உட்புறத்தில் ஐம்பது காசு அளவு இடத்தில் தடவி, சவரத்துக்கு ஆகும் நேரம் வைத்திருந்து கழுவிவிடுங்கள். இப்படி நாளைக்கு இரு வேளையாக ஒரு வாரம் செய்யுங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் தைரியமாக முகத்துக்குப் போடலாம்.

'எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். சவரத்தில் இந்தப் பேச்சு செல்லாது. எரிச்சல் என்பது தோல் நம்மிடம் செய்யும் முறையீடு. அதுபோலவே மென்தால் சேர்ந்த கிரீமின் குளிர்ச்சியும் ஓர் உணர்ச்சிதான். அது காயத்தை ஆற்றாது. சிரைத்தால் முடி தடிப்பாக வளரும் என்பதும் தவறு. அமெரிக்க உடற்கூறு அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928ஆம் ஆண்டிலேயே இதைச் சோதித்து, அப்படி ஒன்றும் இல்லை என்று காட்டினார். வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான்.

இப்போது மிக முக்கியமான இரண்டு செய்திகள்.

ஒன்று, மருந்தடிக்கும் வேலை செய்கிறவர்களுக்கு. சிரைத்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். முழுமையான தோல் விஷத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும். கீறல் பட்ட தோல் உள்ளே விட்டுவிடும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்றக் களைக்கொல்லிகள் பாலும் தேனும் அல்லவே! காலையில் அவசர அவசரமாகச் சிரைத்துவிட்டு அப்படியே தெளிப்பான் தோளில் ஏறக் கூடாது. முந்தின நாள் மாலை, குளித்த பிறகு சவரம் செய்துகொள்ளுங்கள். இரவு முழுவதும் தோலுக்கு ஓய்வு கிடைக்கும். முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய பாதுகாப்பு முகமூடியும் தாடி குறுக்கிடாமல் சரியாகப் பொருந்தும்.

இரண்டு, எல்லாருக்கும். கிரீமைக் குடும்பத்தில் பகிர்ந்துகொள்ளலாம். பிளேடைப் பகிர்ந்துகொள்ளவே கூடாது. தகப்பன், மகன், அண்ணன், தம்பி என்ற உறவெல்லாம் ஹெபடைடிஸ் பி கிருமிக்குத் தெரியாது. ஈரலைக் கெடுக்கும் அந்தக் கிருமி, காய்ந்த இரத்தத் துளியிலும் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். மலேசியாவில் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடுவது 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் சிறு வயதில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். ஹெபடைடிஸ் சி கிருமியும் இரத்தத்தின் வழியேதான் பரவுகிறது. அதற்குத் தடுப்பூசியே இல்லை. முடிவெட்டும் கடைக்குப் போனாலும் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனி, செய்யும் முறை. குளித்த உடனே, அல்லது வெதுவெதுப்பான துணியை முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்த பிறகு தொடங்குங்கள். சுண்டுவிரல் நுனி அளவு கிரீம் போதும். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். தூரிகையாலோ விரலாலோ வட்டமாகத் தேய்த்து நுரை எழுப்புங்கள். அழுத்தாமல், உரோமம் வளரும் திசையில் இழுங்கள். ஐந்து முதல் ஏழு சவரத்துக்குள் பிளேடை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடுக்கு எந்தக் கிரீமும் துணை நிற்காது. சிறு காயத்துக்குச் சுத்தமான படிகாரத்தை நனைத்து ஒற்றினால் இரத்தம் நிற்கும். அந்தப் படிகாரமும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். கடைசியில் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். அழுத்திய குப்பியில் வரும் நுரையை வாங்கினால், அதை அடுப்பங்கரையிலும் வெயிலிலும் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் தீப்பிடிக்கும் வாயு.

கழுத்துக் கொப்புளங்களில் சீழ் வைத்தாலோ, முகம் வீங்கினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கிரீமின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு அது உதவும்.

கடைசியாகத் தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். அரிவாள் தீட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். மகனுக்கு மீசை அரும்பும்போது அவன் ஒளிந்து நின்று உங்கள் பிளேடைத் தொடும்படி விட்டுவிடாதீர்கள். அவனுக்கென்று ஒரு பிளேடும், அவன் தோலுக்கு ஏற்ற கிரீமும் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். செலவு சில வெள்ளிதான். அதில் அவன் முகமும் பிழைக்கும், ஈரலும் பிழைக்கும்.